அந்த 'உறுப்புக் கடிகாரம்' சித்தர் சொன்னதா, சீனாக்காரர் சொன்னதா? (பழைய சீன மருத்துவமும் இயற்கையும்)

பனங்காட்டான்:
வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அந்த அட்டவணை மறுபடியும் சுற்றுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலை 3-5 நுரையீரல், 5-7 பெருங்குடல், 7-9 வயிறு, 9-11 மண்ணீரல் என்று ஆரம்பித்து இரவு 11-1 பித்தப்பை, 1-3 கல்லீரல் என்று முடியும். மேலே 'அன்றே சொன்னார்கள் நம் சித்தர்கள்' என்று ஒரு தலைப்பு, பின்னால் அகத்தியர் படம். சித்தி அதை அப்படியே பிடித்துக்கொண்டு, நைட் ஷிப்ட் போகிற தன் மகனைக் 'கல்லீரல் வேலை செய்கிற நேரத்தில் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய்' என்று தினமும் பிடுங்கி எடுக்கிறார். இது உண்மையில் எங்கிருந்து வந்தது? இதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா, இல்லை வெறும் ஃபார்வர்ட்தானா?

யிவு வாசி:
சீனாவுடையது. நான் இருப்பது ஜெஜியாங் மாகாணத்து யிவு நகரத்தில், ஏற்றுமதி வேலை. இங்கே மருந்துக்கடைச் சுவரில் இதையே வட்டமாக அச்சடித்து மாட்டியிருப்பார்கள். தமிழ் அட்டவணையில் இரவு 9-11க்கு 'மூவெப்ப மண்டலம்' என்று ஒன்று வரும் பாருங்கள், அதுதான் கையும் களவுமாகப் பிடிபடுகிற இடம். சித்த மருத்துவத்தில் அப்படி ஓர் உறுப்பே கிடையாது. சீன மருத்துவத்தின் சான்ஜியாவ் அது.

மூலம் எது என்றால், நெய்ஜிங் என்ற பழைய நூல். ஹான் வம்ச காலத்தில் தொகுத்தது. சுவென், லிங்ஷு என்று இரண்டு பாகம், தலா 81 அத்தியாயம். உயிர்ச்சக்தி உடம்பில் ஓடுகிற பாதைகளைத் தடம் என்பார்கள்; அது நுரையீரல் தடத்தில் கிளம்பிக் கல்லீரல் தடம் வரை போய்ச் சுற்றி வருகிறது என்பது அதில் இருக்கிறது. அந்தச் சுற்றை ஒரு நாளின் 12 பொழுதுகளோடு முடிச்சுப் போட்டு, இந்த நேரத்தில் இந்தப் புள்ளியில் ஊசி என்று கணக்குப் போட்டவர்கள் ரொம்பப் பின்னால், ஜின், யுவான் வம்சக் காலத்து ஊசி வைத்தியர்கள். ஊசி போடுகிறவனுக்கான கணக்கு அது. 7 மணிக்கு இட்லி சாப்பிடு, 1 மணிக்கு லட்டு சாப்பிடாதே என்பதெல்லாம் இந்தக் காலத்து ஒட்டு.

இன்னொன்று. அந்தக் கணக்கு சூரியனை வைத்துப் போட்டது. இன்றைக்குச் சீனா முழுவதும் ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். மேற்குக் கோடியில் காஷ்கர் நகரில் வெயில், கடிகாரத்துக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் பிந்தித்தான் வரும். அங்கே கடிகாரம் 7 காட்டும்போது சூரியன் கணக்கில் விடிகாலை 4. அப்போது வேலை செய்வது வயிறா நுரையீரலா? அட்டவணையைச் சட்டம் போட்டு மாட்டுகிற யாரும் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

தொடுகை:
எங்கிருந்து வந்தால் என்ன நண்பரே? இயற்கையோடு ஒட்டி வாழு என்கிறது. ராத்திரி தூங்கு, காலையில் எழு, பசித்தால் சாப்பிடு. அலோபதி இதைச் சொல்கிறதா? நான் அக்குபங்சர் டிப்ளமோ படித்தவன். தொட்டு மட்டும் பார்ப்பேன், ஊசிகூடக் கிடையாது.

யிவு வாசி:
@தொடுகை, நூலே அப்படித் தட்டையாகச் சொல்லவில்லை என்பதுதான் என் சண்டை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவெனின் முதல் அத்தியாயத்தில் மஞ்சள் பேரரசர் தன் அமைச்சர் ச்சீபோவிடம் கேட்கிறார்: பழைய காலத்து மனிதர்கள் 100 வயதைத் தாண்டியும் தளராமல் நடமாடினார்களாமே, இப்போது 50லேயே ஓய்ந்துவிடுகிறார்களே, காலம் மாறிவிட்டதா, மனிதர்கள்தான் வழி தவறிவிட்டார்களா? மதுவைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கிறார்கள், குடித்துவிட்டுப் படுக்கைக்குப் போகிறார்கள், எழுவதற்கும் ஓய்வதற்கும் ஒரு ஒழுங்கில்லை என்று ச்சீபோ பதில் சொல்கிறார். 2,000 வருடத்துக்கு முந்தைய புலம்பல்! 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்பதை அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது அத்தியாயம்தான் முக்கியம். வசந்தத்தில் தாமதமாகப் படுத்துச் சீக்கிரம் எழு, முடியை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் நட. கோடையிலும் தாமதமாகப் படு, சீக்கிரம் எழு, வெயில் மேல் எரிச்சல்படாதே. இலையுதிர் காலத்தில் கோழியோடு படுத்துக் கோழியோடு எழு. குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்துத் தாமதமாக எழு, வெயில் வரும் வரை காத்திரு. பார்த்தீர்களா? வருடம் முழுக்க ஒரே மணிக்கு ஒரே காரியம் என்பதே அதில் இல்லை. குளிர்காலத்தில் 5 மணிக்கு எழச் சொல்கிற வாட்ஸ்அப் அட்டவணை, தன் மூலநூலுக்கே எதிராகப் பேசுகிறது. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பது தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவது போல, போர் மூண்டபின் ஆயுதம் வார்ப்பது போல என்ற வரியும் இந்த அத்தியாயத்தின் கடைசியில்தான் வருகிறது.

அப்புறம் 12ஆவது அத்தியாயம். என் பார்வையில் மொத்த நூலிலும் இதுதான் இன்றைக்கு நேராகப் பேசுகிறது. ஒரே நோயை வைத்தியர்கள் வெவ்வேறு விதமாகக் குணப்படுத்துகிறார்களே, எப்படி என்று பேரரசர் கேட்கிறார். நிலம் வேறு என்பதால் என்று பதில் வருகிறது. கிழக்கே கடலோரம், மீனும் உப்பும் தின்பவர்கள், கட்டிகள் வரும், அங்கிருந்து வந்தது கல் ஊசி. மேற்கே மணலும் மலையும், கொழுத்த உணவு, நோய் உள்ளேயிருந்து கிளம்பும், அங்கிருந்து வந்தது மருந்து. வடக்கே மேட்டு நிலம், பனிக்காற்று, பால் உணவு, உள்ளே குளிர் தங்கும், அங்கிருந்து வந்தது சூடு வைக்கும் முறை. தெற்கே வெக்கையும் ஈரமும், புளிப்பும் புளிக்கவைத்ததும் தின்பவர்கள், அங்கிருந்து மெல்லிய ஊசிகள். நடுவில் சமவெளி, விதவிதமாகத் தின்பார்கள், உடம்பு வளைந்து வேலை செய்யமாட்டார்கள், அவர்களுக்கு உடற்பயிற்சியும் பிடித்துவிடுதலும். நம் ஐடி கம்பெனி ஆட்கள் கடைசி வகையில் அப்படியே வருவார்கள்.

மருந்து என்பது நிலத்தோடும் பருவத்தோடும் சேர்ந்தது என்று அந்த நூலே சொல்கிறது. அதை நம்புகிறவர்கள் மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் பனிக்காலக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்து திருநெல்வேலியில் இறக்கக் கூடாது.

வேர்க்கொம்பு:
சித்த மருத்துவம் படித்தவள் என்ற முறையில் ஒரு பின்குறிப்பு. யிவு வாசி சொன்ன இட வேற்றுமைச் சண்டை சீனாவுக்கு உள்ளேயே பலமாக நடந்திருக்கிறது. ஜாங் ஜொங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் (3ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) முழுக்கக் குளிர் தாக்கிய காய்ச்சல் பற்றியது. அவர் முன்னுரையில், 200 பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில் 10 வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனார்கள், அதில் பத்துக்கு ஏழு பேர் குளிர்க் காய்ச்சலில் என்று எழுதுகிறார். அதனால்தான் அந்த நூலில் ஒரு அவசரம் தெரியும்.

பல நூற்றாண்டுகள் அதையே வேதமாக வைத்திருந்தார்கள். 1641இல் பெரிய கொள்ளைநோய் வந்தபோது அந்தக் கஷாயங்கள் வேலை செய்யவில்லை. வூ யோஷிங் என்ற வைத்தியர் அடுத்த வருடமே தனியாக ஒரு நூல் எழுதி, இது குளிரும் இல்லை வெப்பமும் இல்லை, வாய் மூக்கு வழியாக நுழைகிற வேறு ஏதோ ஒன்று என்றார். நோய்க்கிருமியை யாரும் கண்ணால் பார்த்திராத காலம், 1642. அதன் பிறகு யாங்சே ஆற்றுக்குத் தெற்கே இருந்த வைத்தியர்கள், எங்கள் ஊர் வெக்கைக் காய்ச்சலுக்கு உங்கள் ஊர்ச் சூட்டு மருந்து ஆகாது என்று ஒரு முழுப் பள்ளியே கட்டினார்கள். நூலை மதித்தவர்கள்தான் நூலோடு சண்டையும் போட்டார்கள்.

நம்மிடமும் இது உண்டே. சித்த மருத்துவத்தில் ஐந்து நிலத்துக்கும் எந்த நோய் மிகும் என்று சொல்லி, மருத நிலம்தான் நோய் குறைந்தது என்பார்கள். கார், கூதிர் தொடங்கி ஆறு பொழுதுக்கும் வாத பித்த கபம் எப்படி ஏறி இறங்கும் என்று கணக்கு உண்டு. நம் ஊருக்கான அட்டவணை வேண்டுமென்றால் அங்கே போய்த் தேடுங்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அகத்தியர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே சீனச் சரக்கை வைப்பது என்ன நியாயம்?

மொட்டை மாடி:
போகர் சீனாவிலிருந்து வந்தவர்தானே? பழனி முருகனே சாட்சி. அப்போ சீனச் சரக்கும் நம் சரக்குதான் :)

வேர்க்கொம்பு:
@மொட்டை மாடி, போகர் சீனதேசம் போய் வந்தார், அங்கிருந்தே வந்தார் என்று மரபில் இரண்டு விதமாகவும் கதை உண்டு. கதையைக் கதையாக ரசிக்கலாம். அதை வைத்து உறுப்புக் கடிகாரத்துக்குப் பட்டா போட முடியாது.

டயாலிசிஸ் டூட்டி:
நான் அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு. இயற்கை, இயற்கை என்று எல்லோரும் உருகும்போது ஒரு ஆள் வந்து கெடுக்க வேண்டும் அல்லவா, அது நான்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க வைக்கிற ஒரு கிளினிக்கில் சீன மூலிகை சேர்த்த மாத்திரை கொடுத்தார்கள். நல்ல ஆரோக்கியமாக இருந்த 100க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு டயாலிசிஸ், மாற்று அறுவை சிகிச்சை, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த வேறொரு மூலிகை, அரிஸ்டோலோக்கியா இனச் செடி, உள்ளே போயிருந்தது. சீனாவிலும் இதே கதை. பழைய கஷாயங்களில் இருந்த முதொங் வேறு செடி. 20ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தில் மஞ்சூரியாவில் விளையும் அரிஸ்டோலோக்கியா கொடி புகுந்து, கடைசியில் 2003இல் அதைத் தடை செய்தார்கள்.

'பழைய முறையை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் இது நடந்திருக்காது' என்று யாராவது சொல்வீர்கள். பாதிதான் சரி. அதே இனத்தின் காயை இருமலுக்குப் பழைய நூல்களிலேயே பரிந்துரைத்திருக்கிறார்கள். ஏன் கண்டுபிடிக்கவில்லை? நாபிக் கிழங்கு மாதிரி விஷம் தின்றால் அன்றைக்கே நாக்கு மரத்து நெஞ்சு படபடக்கும். அதனால் சீனர்களும் அதை மணிக்கணக்கில் கொதிக்கவைக்கக் கற்றார்கள், நம்மவர்களும் சுத்தி செய்து நஞ்சு நீக்கக் கற்றார்கள். உடனே தெரிகிற விஷத்தை மரபு நன்றாகப் பிடிக்கும். அரிஸ்டோலோக்கிக் அமிலம் மாதங்கள், வருடங்கள் கழித்துச் சிறுநீரகத்தை முடக்குகிறது, அதற்கும் எத்தனையோ வருடம் கழித்துப் புற்று. அந்தக் காலத்தில் எந்த வைத்தியரால் இருமல் மருந்தையும் 15 வருடம் கழித்து வருகிற சாவையும் ஒரே கயிற்றில் கோர்த்திருக்க முடியும்?

நம் ஊருக்கு இதில் நேரான பங்கு உண்டு. ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனம். வேர்க்கொம்பு அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேர்க்கொம்பு:
கோபம் இல்லை டாக்டர். கல்லூரியில் எங்களுக்கும் இதைச் சொன்னார்கள். என் கவலை கல்லூரியில் படித்தவர்களைப் பற்றி இல்லை, பேருந்து நிலையத்தில் ஆடுதின்னாப்பாளைப் பொடியைப் பாக்கெட் போட்டு விற்பவர்களைப் பற்றி. புழுவுக்கு, மாதவிலக்குக்கு என்று வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். ஆடே வாய் வைக்காத இலை அது.

ஈப்போ மகள்:
மலேசியாவிலிருந்து ஒரு பார்வை. எங்களுக்குச் சீன மருந்துக்கடை அயல் விஷயமே இல்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடி வந்த பாட்டி காலத்திலிருந்தே தலைவலி என்றால் சைனீஸ் மெடிக்கல் ஹால், தொண்டை கட்டினால் கசப்பு டீ. கோப்பேங் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். இயூ யான் சாங் கம்பெனி 1879இல் அங்கேதான் தொடங்கியது, ஈயச் சுரங்கக் கூலிகள் அபினைவிட்டு மூலிகைக்கு வரட்டும் என்று. சூடு, குளிர்ச்சி என்று சீனக் கிழவர் சொல்வதும் என் பாட்டி சொல்வதும் முக்கால்வாசி ஒத்துப்போகும். டுரியான் சூடு, இளநீர் குளிர்ச்சி. மங்குஸ்தான் தின்றால் டுரியான் சூடு தணியும் என்பதில் இருவரும் ஒரே கட்சி.

ஆனால் டாக்டர் சொன்னதைப் போலச் சிங்கப்பூரில் ஒரு விஷயம் உண்டு. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை முற்றுவதால் ஹுவாங்லியான் என்ற கசப்பு வேரை 1978இல் தடை செய்தார்கள். பல வருடம் கழித்துத்தான் தளர்த்தினார்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடைகிற பிறவிக் குறை) உள்ள குழந்தைகள் இந்தப் பக்கம் நிறைய. அதனால் எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் மட்டும் மெடிக்கல் ஹால் சரக்கு கிடையாது. மற்றவர்களுக்கு எப்போதும் போல.

கரும்பலகை:
எல்லோரும் கெடுதலையே பேசுகிறீர்கள். மலேரியா மருந்தை மறந்துவிட்டீர்களா? பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும்போது நான் கண்டிப்பாகச் சொல்கிற கதை.

வியட்நாம் போர் நேரம். கொசுவும் மலேரியாவும் படைகளை வாரிக்கொண்டு போகின்றன, பழைய மருந்து கேட்கவில்லை. 1967 மே 23இல் சீனாவில் ரகசியமாக ஒரு திட்டம் தொடங்குகிறார்கள், தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். து யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய நூல்களைப் புரட்டி 2,000க்கு மேல் குறிப்புகள் சேர்க்கிறார். ச்சிங்ஹாவ் செடியின் சாறு ஒருமுறை நன்றாக வேலை செய்கிறது, அடுத்தமுறை காலை வாருகிறது. கெ ஹொங் என்பவர் 4ஆம் நூற்றாண்டில் எழுதிய அவசர வைத்தியக் கையேட்டில் ஒரு வரி: ஒரு கைப்பிடி ச்சிங்ஹாவை இரண்டு படி தண்ணீரில் ஊறவை, பிழி, சாற்றை முழுவதும் குடி. கொதிக்கவை என்ற பேச்சே இல்லை! கஷாயம் என்றால் காய்ச்சுவதுதான் என்றிருந்த இடத்தில் அந்த அம்மா நிறுத்தி யோசித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறது போலும் என்று, 35 டிகிரியிலேயே ஆவியாகிற ஈதரில் சாறு இறக்கினார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி எலிகளுக்கு முழுக்க வேலை செய்தது. மனிதர்களுக்குப் பாதுகாப்பா என்று பார்க்க முதலில் தானே குடித்தார். 2015இல் நோபல்.

டயாலிசிஸ் டூட்டி:
@கரும்பலகை சார், அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் எலி, மாதிரி எண், ஈதர், தன் உடம்பிலேயே சோதனை, இவ்வளவும் இருந்ததால்தான் அது மருந்தானது. கெ ஹொங்கின் நூலில் அந்த ஒரு குறிப்போடு சேர்த்து மலேரியாவுக்கே இன்னும் பல குறிப்புகள் இருந்தன. எது தேறும் என்று நூல் சொல்லவில்லை.

தொடுகை:
எல்லாவற்றையும் சோதனைக்கூடத்தில்தான் நிரூபிக்க வேண்டுமா?

டயாலிசிஸ் டூட்டி:
உங்கள் துறையில் அதுவும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. வேண்டுமென்றே புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. வழக்கமான மாத்திரை, பயிற்சி என்று இருந்தவர்களில் 27.4.

தொடுகை:
அப்படியானால் எங்கே குத்தினாலும் உங்கள் மாத்திரையைவிட மேல் என்றுதானே ஆகிறது! கேஸ் முடிந்தது.

டயாலிசிஸ் டூட்டி:
இடுப்பு வலிக்கு, சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன். நானே இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன். ஆனால் புள்ளி சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே பலன் என்றால், 12 தடம், 300க்கு மேல் புள்ளி என்று நீங்கள் படித்த பாடம் என்னாகிறது என்றும் யோசியுங்கள். அதைவிட, சர்க்கரை மாத்திரையை நிறுத்து, ரத்தப் பரிசோதனையே வேண்டாம், தொட்டால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கள் வார்டுக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். சீனாவில் எந்த மருத்துவமனையில் அப்படிச் சொல்கிறார்கள்?

யிவு வாசி:
எங்கும் சொல்வதில்லை. இங்கே சீன மருத்துவமனையில் போனால் முதலில் ரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், அப்புறம்தான் நாடி. அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த வழியும் அப்படித்தான். 1938இல் ஜப்பானோடு சீனா போரிட்டபோது காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் கோட்னிஸ் அங்கேயே இறந்தார், அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே குழுவில் போன பிஜய் குமார் பாசு 1950களின் கடைசியில் மறுபடி போய் அக்குபங்சர் கற்றுக் கொல்கத்தாவில் தொடங்கினார். அவர் எம்பிபிஎஸ் டாக்டர். தொட்டால் போதும், பரிசோதனை வேண்டாம் என்பது நம் ஊரில் முளைத்த கிளை.

'பழைய சீன மருத்துவம்' என்று எல்லோரும் சொல்கிறோமே, இன்று கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு பழையது இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1929இல் தேசியவாத அரசு இதை ஒழித்துக்கட்டவே தீர்மானம் போட்டது. வைத்தியர்கள் ஷாங்காயில் கூடிப் போராடித் தடுத்தார்கள். மாவோ காலத்தில் டாக்டர்கள் போதவில்லை. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்து என நான்கு இடத்தில் கல்லூரி திறந்து, ஆளுக்கொரு விதமாக இருந்ததை ஒரே பாடப் புத்தகமாக்கினார்கள். 1958இல் இது பெரிய புதையல் என்று மாவோ எழுதினார். ஆனால் தான் அதை நம்புவதில்லை, சாப்பிடுவதும் இல்லை என்று தன்னிடம் சொன்னதாக அவருடைய டாக்டர் பின்னாளில் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார்!

பாம்பன் காற்று:
இயற்கையோடு ஒட்டிய மருத்துவம் என்கிறீர்கள். அந்த மருத்துவத்துக்காக எங்கள் கடலில் என்ன நடந்தது என்று யாராவது பேசுவீர்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடல்குதிரை. விரல் நீளம்தான் இருக்கும், பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும். அதைக் காயவைத்து ஆண்மைக்கு, ஆஸ்துமாவுக்கு என்று சீன மருந்தில் போடுகிறார்கள். 1990களில் பாக் நீரிணையில் இதற்கென்றே முங்கி எடுக்க ஆரம்பித்தார்கள். வலையில் சங்கோடு, இறாலோடு சும்மா வந்து விழுந்ததற்கு எல்லாம் விலை வந்தது. 2001இல் கடல்குதிரையையும் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. எடுத்தால் ஜெயில். ஆனாலும் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி வராத வருடம் இல்லை. மாட்டுகிறவன் எங்கள் ஊர்க் கூலிக்காரன், வாங்குகிறவன் எங்கேயோ.

இயற்கையைப் படித்த மருத்துவம் என்றால், அந்த இயற்கை தீர்ந்துபோகும் என்பதையும் அது படித்திருக்க வேண்டாமா?

யிவு வாசி:
@பாம்பன் காற்று, நியாயமான கேள்வி. பழைய நூல்கள் எழுதின காலத்தில் ஒரு மாவட்டத்து வைத்தியர் வருடத்துக்கு நாலைந்து கடல்குதிரை வாங்கியிருப்பார். கோடிக்கணக்கான பேருக்குக் கையில் காசும் விமானச் சரக்கும் வந்தபிறகு அதே குறிப்பு வேறு பொருளாகிவிடுகிறது. கழுதைத் தோல் பசை இன்னொரு உதாரணம். ஷாண்டோங் மாகாணத்து தொங்ஆ என்ற ஊரின் கிணற்று நீரில் தோலைக் காய்ச்சி எடுக்கிற ரத்தச்சோகை மருந்து. சீனக் கழுதைகள் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து தோல் இறக்கினார்கள், அங்கே தண்ணீர் சுமக்கிற கழுதையைத் திருடி அறுக்கிற அளவுக்குப் போனது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியமே தோல் வணிகத்தைத் தடை செய்தது. அழுங்கு என்கிற எறும்புத்தின்னியின் செதிலை 2020இல் சீன மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். காண்டாமிருகக் கொம்பும் புலி எலும்பும் 1993லேயே தடை. எடுத்த பிறகு சீன மருத்துவம் ஒன்றும் படுத்துவிடவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. மாற்று மூலிகைகள் எப்போதும் இருந்தன.

பனங்காட்டான்:
நான் ஒரு அட்டவணையைக் கேட்டேன், நீங்கள் கழுதை வரை போய்விட்டீர்கள், நல்லது. இதையெல்லாம் வைத்து இன்றைய வாழ்க்கைக்கு ஒன்றும் தேறாதா என்ன? சீனாவில் இளைஞர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

யிவு வாசி:
ரொம்ப வேடிக்கையாக. பக்கத்து அலுவலகப் பையன்கள் ஃபிளாஸ்கில் கோஜிப் பழம் போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டே நள்ளிரவு வரை வேலை செய்வார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள், அதைத்தான் 996 என்பது. அது சட்டவிரோதம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று, வேலை மட்டும் நடக்கிறது. 2023 கோடையில் ஹாங்சோவின் மாகாணச் சீன மருத்துவமனையில் உப்புக்கண்டம் மாதிரிக் கறுத்த பிளம், ஆரஞ்சுத் தோல், அதிமதுரம் எல்லாம் சேர்த்த புளிப்புப் பானப் பொடியை வாங்க இளவட்டங்கள் வரிசை கட்டி நின்றார்கள். பபிள் டீயைவிட மலிவு, கூடவே மருத்துவமனைச் சீட்டு என்ற பெருமை வேறு.

எனக்கு இதில் எரிச்சல்தான் வருகிறது. நெய்ஜிங் சொன்னது எப்போது படுப்பது, எவ்வளவு உழைப்பது என்பதைப் பற்றி. அதை முதலாளியிடம் கேட்க முடியாது, அதனால் கோஜிப் பழம் வாங்குகிறார்கள். மருந்து விற்பவனுக்கும் அதுதான் வசதி. தூக்கத்தைப் பாக்கெட்டில் போட்டு விற்க முடியாதே.

ஷாங்ஹான் லுனில் ஒரு கஷாயம் இருக்கிறது, லவங்கப்பட்டை மரத்துக் குச்சி, பியோனி வேர், இஞ்சி, இலந்தை, அதிமதுரம். ஐந்தே சரக்கு. ஏழு படி தண்ணீர் மூன்றாகச் சுண்டட்டும் என்கிறது. அதைவிட அழகு, குடித்தபிறகு செய்ய வேண்டியது: சற்று நேரம் கழித்துச் சூடான நீர்த்த கஞ்சி குடி, போர்த்திக்கொண்டு படு, உடம்பு லேசாகப் பொசிய வேர்க்கட்டும், தண்ணீராக ஓட விடாதே. ஒரு வேளையிலேயே குணமானால் மீதியைக் குடிக்காதே. இன்றைக்கு இதையே பொடியாக்கிப் பாக்கெட்டில் விற்கிறார்கள். ஆபீசில் வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு அடுத்த மீட்டிங்குக்கு ஓடுகிறார்கள். கஞ்சியும் இல்லை, போர்வையும் இல்லை, படுக்கையும் இல்லை. பாதி மருந்து அந்தப் படுக்கையில்தான் இருந்தது என்பேன்.

டயாலிசிஸ் டூட்டி:
கடைசி வரிக்கு என் ஓட்டு. நைட் ஷிப்ட் விஷயத்தில் @பனங்காட்டான் சித்தியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. உடம்புக்கு உள்ளே கடிகாரம் இருப்பது நிஜம், அதன் மரபணுக்களைக் கண்டவர்களுக்குத்தான் 2017 நோபல். கல்லீரல் உட்பட ஒவ்வொரு உறுப்புக்கும் தன் தன் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் இரண்டு மணிக்கு ஒரு உறுப்பு டூட்டி மாறுகிற கணக்கு இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, வெளிச்சத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் வைத்துத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் 2007லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்தது, 2019இல் மறுபடி பார்த்து உறுதி செய்தது. தம்பி ஷிப்டை வாரம் ஒரு விதமாக மாற்றாமல் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள முடிகிறதா என்று கேட்கட்டும். பகலில் தூங்குகிற அறை இருட்டாக இருக்க வேண்டும். நடு இரவில் பிரியாணி வேண்டாம்.

கோவைக்காரி:
யிவு வாசி அண்ணா, குளிர்கால நோய்க்குக் கோடையில் பற்று போடுவார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். என் மகளுக்கு ஏழு வயது, மார்கழி வந்தாலே வீசிங். இங்கே ஒருவர் போடுகிறாராம். போடலாமா?

யிவு வாசி:
தங்கச்சி, அது இங்கே ரொம்பப் பிரபலம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை வருகிற கொடும் வெயில் நாட்களில் பத்து நாளுக்கு ஒருமுறை போடுவார்கள். வெண்கடுகும் இன்னும் சில காரச் சரக்கும் இஞ்சிச் சாற்றில் குழைத்து, தோள்பட்டைக்கு நடுவே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒட்டுவார்கள். சில மணி நேரம். எரியும், சிவக்கும், சிலருக்குக் கொப்பளிக்கும். குழந்தைக்கு நேரம் குறைவு. அந்த வெயில் நாட்கள் இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் வருவது. கோவையில் ஜூலை என்றால் தென்மேற்குச் சாரல். உங்கள் ஊரில் ஜூலையில் அதைப் போடுகிறவர் எந்தக் கணக்கில் போடுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

வேர்க்கொம்பு:
கடுகுப் பற்றைக் குழந்தை முதுகில் போட நான் சம்மதிக்கமாட்டேன். அந்தக் கலவையில் இங்கே என்னென்ன சேர்க்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். டாக்டர் சொன்ன அரிஸ்டோலோக்கியா இனச் சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரமாட்டேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

டயாலிசிஸ் டூட்டி:
பற்று போடுகிறீர்களோ இல்லையோ, குழந்தையின் இன்ஹேலரை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்துகிற குழல்) வைத்து அவள் சரியாக இழுக்கிறாளா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கோவைக்காரி:
ஸ்பேசர் இல்லாமல் நேராகத்தான் அடிக்கிறாள். நாளைக்கே கேட்கிறேன் டாக்டர்.